கடலடியைக் கணக்கெடுப்போர் யார்?

புதுக்கோட்டை என்றதும் சித்தன்னவாசல் ஓவியமும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் திருமயம் கோட்டையும் நம் நினைவுக்கு வருகின்றன. கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் வறண்ட மாவட்டம் என்ற பெயரும் உடன் வருகின்றது. இம்மாவட்டத்திற்கு ஒரு கடல் உண்டு என்னும் எண்ணம் பலருக்கும் பிந்தியே தோன்றும். வடக்கே கட்டுமாவடி தொடங்கி மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல், முத்துக்குடா என ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளும் கரை நம்முடையது. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர் பலர் அக்கரையூர்களிலிருந்து வருவோர். அவர்தம் தந்தையரும் பாட்டனாரும் அறிந்த கடலைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் சில பக்கங்கள் எழுதுவது பொருத்தமற்றதாகாது என்று கருதுகின்றோம்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினம் முதல் நம் மாவட்டத்து அம்மாபட்டினம் வரையுள்ள கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டர் அளவு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் பாதுகாப்பகம் இதுவேயாகும். நம் மீனவர் ‘ஆவுளியா’ என்றழைக்கும் அவ்வுயிர் கடற்புல்லை மேய்ந்து வாழ்வது, மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வருவது, குட்டிக்குப் பாலூட்டுவது. அதனைக் காப்பதற்கு அரசு முன்வந்தமை பெரிதும் போற்றத்தக்கது. எனினும் இங்கே ஒரு வினா எழுகின்றது. ஆவுளியா வாழப் புல் வேண்டும். அப்புல் வாழ நல்ல மணல் வேண்டும். அம்மணலை நல்ல மணலாக வைத்திருப்போர் யார்? அவரை எண்ணிப் பார்த்தோமா?

இவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்று கடலட்டை. பெயரில் அட்டை என்றிருப்பினும் வயலில் காலைக் கடிக்கும் அட்டைக்கும் இதற்கும் உறவில்லை. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் எக்குலமோ அக்குலமே இதன் குலம். முதுகெலும்பு இல்லை, கண் இல்லை, ஓடிப் பிழைக்கக் கால் இல்லை. மணலில் பாதி புதைந்து கிடந்து, மணலையே வாரி விழுங்கி, அதிலுள்ள அழுகற்பொருளைத் தன் உணவாக்கிக்கொண்டு எஞ்சிய மணலைத் தூயதாக வெளியேற்றுவது இதன் அன்றாடத் தொழில். புதைவதும் எழுவதுமாக இருப்பதால் மணல் கிளறப்படுகின்றது. உயிர்வளி அடியிலும் சென்று சேர்கின்றது. இதன் கழிவு கடற்புல்லுக்கு உரமாகின்றது. புல்லும் அந்நன்றியை மறப்பதில்லை. வெள்ளை அட்டையின் இளங்குஞ்சுகள் முதலில் புல்லிதழ்களிலே ஒட்டி வளர்ந்து, சற்றுப் பெரிதான பின்னரே மணலுக்கு இறங்குகின்றன. நிலத்தில் மண்புழு செய்வதைக் கடலடியில் இது செய்கின்றது எனலாம். உயிரின வளர்ச்சிக் கொள்கையால் உலகையே கலக்கிய சார்லசு டார்வின் தம் வாழ்வின் இறுதி நூலை 1881இல் மண்புழுவைப் பற்றித்தான் எழுதினார். கடலட்டைக்கு அப்படி ஒரு டார்வின் தமிழில் இன்னும் வாய்க்கவில்லை.

இதன் இனப்பெருக்க முறை தனியாக நோக்கத்தக்கது. ஒரு பெண்ணட்டை பத்து இலட்சம் முட்டைகள்வரை நீரில் விடும். ஆணும் தன் விந்தணுவை நீரிலேயே விடும். இரண்டும் நீரோட்டத்தில் கலந்தால்தான் கரு. ஆகவே அட்டைகள் அருகருகே திரளாக வாழ்ந்தாக வேண்டும். நூறு அட்டை இருந்த இடத்தில் ஐந்து மட்டும் எஞ்சி, அவ்வைந்தும் தொலைவில் தொலைவில் கிடந்தால் இலட்சக்கணக்கான முட்டைகளும் வீணே. அட்டை ‘இருக்கின்றது’ என்று சொல்வது போதாது என்பதற்கும், ‘எத்தனை, எவ்வளவு நெருக்கத்தில்’ என்று எண்ணியாக வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான். இக்கட்டுரை முழுவதற்கும் இதுவே அச்சாணி.

நம்மூரில் எவரும் கடலட்டையை உண்பதில்லை. ஆயினும் சீனத்தில் இது விருந்துக்கும் மருந்துக்கும் உரிய அரும்பொருள். அந்நாட்டாரின் தொடர்பால் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இத்தொழில் வேரூன்றியது. அட்டையின் குடலை நீக்கி வேகவைத்து, மணலில் புதைத்துவைத்து, மேல்தோலின் சுண்ணாம்பு கழன்றதும் கழுவி, மீண்டும் வேகவைத்து வெயிலில் உலர்த்துவர். கைந்நிறைய இருந்தது விரலளவாகச் சுருங்கும். எத்தனை அட்டை சேர்ந்தால் ஒரு மூட்டை நிறையும் என்பதை எண்ணிப் பார்த்தால், கடலடி எத்துணை விரைவில் வெறுமையாகும் என்பது விளங்கும். குளித்தெடுத்தோர் ஒருபுறம், அடிமட்டத்தை அரித்துச் செல்லும் இழுவைமடியில் தானாக ஏறி வந்தது மறுபுறம். சராசரி ஆழம் பத்து மீட்டரைக்கூட எட்டாத கடலில் ஒளிவதற்கு இடம் ஏது?

1982இல் மூன்று அங்குலத்திற்குக் குறைந்த உலரட்டையை ஏற்றுமதி செய்யலாகாது என்று நடுவணரசு விதித்தது. அவ்விதி போதவில்லை. 1988இல் மத்தியக் கடல்மீன் ஆய்வு நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் அறிஞர் டி.பி. ஜேம்சு குழுவினர் வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்துக் காட்டினர். அதனைக் கடலுக்குத் திருப்பியளிக்கும் வழி பிறந்தது; ஆனால் அவ்வழி அகலவில்லை. இறுதியாக 2001 சூலை 11 அன்று, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலட்டை இனம் அனைத்தும் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் கிடைத்த காவல் மணல் தின்னும் ஓர் உயிருக்குக் கிடைத்தது. பிடித்தாலும் வைத்திருந்தாலும் விற்றாலும் மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை.

இத்தடை வேண்டாம் என்பது எம் கருத்தன்று. தடை இல்லாதிருந்தால் இன்று பேசுவதற்கே பொருள் இருந்திராது. 2013இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெள்ளை அட்டையை உலகளவில் அழிவை எதிர்நோக்கும் இனமாக வகைப்படுத்தியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆனால் தடை வேறு, பாதுகாப்பு வேறு. தடை ஒரு வேலி. வேலிக்குள் பயிர் வளர்கின்றதா, கருகுகின்றதா என்று பார்ப்பதற்கு உள்ளே ஒருவர் செல்ல வேண்டும். 2001க்குப் பின் அவ்வாறு உள்ளே சென்றோர் மிகச் சிலர். ஆய்வு நிறுவனத்தார் அவ்வப்போது ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அக்கட்டுரைகள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே முறையில், ஊரார் கண்முன் எண்ணி, ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி மாட்டப்பட்ட ஒரு கணக்கை நாம் நம் கரையூர்களில் எங்கும் கண்டதில்லை. அடிக்கடி காண்பதெல்லாம் இத்தனை கிலோ கடலட்டை பறிமுதல், இத்தனை பேர் கைது என்னும் செய்தித்தாள் வரிகளே. பறிமுதல் கணக்கு கடலின் கணக்காகாது. அது காவலின் கணக்கு, அவ்வளவே.

தடையால் நேர்ந்த மற்றோர் இழப்பை யாரும் பேசுவதில்லை. எந்தத் திட்டில் எந்த அட்டை, எந்தக் காற்றில் அது மணலை விட்டு எழும், எந்தத் திங்களில் பெருத்திருக்கும் என்பவற்றை அறிந்தவர் குளித்தெடுத்த முதியோரே. தொழில் குற்றமானதும் அறிவும் வாய்மூடிக்கொண்டது. பேசினால் வழக்கு வருமோ என்னும் அச்சம் இயல்பானது. அம்முதியோரில் இளையவர்க்கே இன்று அறுபது வயதிருக்கும். அவர்கள் மறைந்தால் கடலடியின் ஐம்பதாண்டு நினைவு மண்ணோடு போய்விடும்.

2018 நவம்பர் 16 அன்று வீசிய கசாப் புயலை நம் மாவட்டத்தார் மறக்கமாட்டார். விழுந்த தென்னை எத்தனை, சிதைந்த படகு எத்தனை, சரிந்த கூரை எத்தனை என்று வீடுவீடாகக் கணக்கெடுத்தோம். அக்கணக்கைக் கொண்டே இழப்பீடு பெற்றோம். அன்றிரவு கலங்கிய கடலடியில் இருந்தவை எத்தனை? புயலுக்கு முந்திய எண் இருந்தால்தானே பிந்திய எண்ணோடு ஒப்பிட இயலும்? முதல் எண் இல்லாத இடத்தில் இழப்பு என்ற சொல்லுக்கே இடமில்லாமற் போகின்றது.

எதிர்க்கரையைப் பாருங்கள். அதே கடலட்டையை இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், பண்ணையில் வளர்க்கலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்ப் பகுதிகளில் அட்டைப் பண்ணைகள் பெருகியுள்ளன. 2022இல் மேலும் பெரிய அளவில் அமைக்க அந்நாட்டு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கடற்புல் திடல்களும் சிறுமீனவர் வலைவிடும் இடங்களும் பண்ணைகளுக்குள் அடைபடுகின்றன என்று அங்குள்ள தமிழ் மீனவரே குரல் கொடுக்கின்றனர். ஒரே நீர், ஒரே அட்டை, இரு சட்டம். அங்கே போல இங்கேயும் திறந்துவிடுங்கள் என்று நம் கரையில் சிலர் கேட்பதற்கும், திறக்கவே கூடாது என்று வேறு சிலர் மறுப்பதற்கும் இடையில் நின்று தீர்ப்புச் சொல்ல எண் ஒன்று வேண்டும். அந்த எண் கையில் வரும்வரை தடையைத் தளர்த்துவதை நாம் ஏற்கமாட்டோம். எண்ணே எடுக்காமல் தடையை மட்டும் நீட்டிச் செல்வதையும் ஏற்கமாட்டோம். நம் மக்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. இலட்சத்தீவில் 2020ஆம் ஆண்டு, செரியபாணி என்னுமிடத்தில் 239 சதுர கிலோமீட்டர் கடலைக் கடலட்டைக்கென்றே பாதுகாப்பகமாக்கி, அதற்குக் கே.கே. முஹம்மது கோயா என்பாரின் பெயரைச் சூட்டியுள்ளனர். கடலட்டைக்கென உலகில் அமைந்த முதற் பாதுகாப்பகம் அது.

எண்ணுவது நம் கரைக்குப் புதிது என்று எவரும் கருத வேண்டா. முத்துக்குளிப்புக்கு நாள் குறிக்குமுன் ‘பார்’ பார்த்து வருவது பழைய வழக்கம். முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டே பார். குளிப்போர் பல இடங்களில் மூழ்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவர். அவற்றை எண்ணி, நிறுத்து, முத்தின் மதிப்பை அறிந்து, விளைச்சல் போதுமென்றால்தான் அவ்வாண்டு குளிப்பு. போதாதென்றால் பார் அப்படியே விடப்படும். தூத்துக்குடிக் கடலில் 1961உடன் முத்துக்குளிப்பு முடிவுற்றது. சங்குக்கும் அவ்வாறே ஓர் அளவு இருந்தது. இரண்டேகால் அங்குல விட்டம் இல்லாத சங்கு உயிரோடு கடலுக்குத் திரும்பும். மதராஸ் மீன்துறையில் பணியாற்றிய சேம்சு ஆர்னல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். இவ்வேலைகளில் மூழ்கியோர் பரதவரும் கீழக்கரை முஸ்லிம் குளியாளரும் ஆவர். மூச்சடக்கி எண்ணிய மரபினர் அவர்கள். வருவாய்க்காக அன்று எண்ணத் தெரிந்த நமக்கு வாழ்வுக்காக இன்று எண்ணத் தெரியாதா?

தமிழ்த்துறைக்கும் அட்டைக்கும் என்ன தொடர்பு என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். விலங்கியல் துறையின் வேலையைத் தமிழாசிரியர் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர்தம் ஐயம். தொல்காப்பிய மரபியலை அவர்கள் மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகின்றோம். ஓரறிவு தொடங்கி ஆறறிவு ஈறாக உயிர்களை வகுத்த ஆசிரியர், ஈரறிவுக்கு நந்தையும் முரளையும், மூவறிவுக்குச் சிதலையும் எறும்பையும், நாலறிவுக்கு நண்டையும் தும்பியையும் காட்டுகின்றார். நத்தை, சிப்பி, கறையான், எறும்பு, நண்டு, தும்பி என அத்தனையும் முதுகெலும்பற்றவை. ஆறு படிகளுள் மூன்று படிகளை இச்சிற்றுயிர்களுக்கென்றே ஒதுக்கிய இலக்கணம் நம்முடையது. நெய்தல் திணையில் மகளிர் அலவன் ஆட்டி விளையாடுவதைச் சங்கப் புலவர் எத்தனை இடங்களில் கண்டு பாடினர் என்பதை நம் மாணவர் அறிவர். இன்று தேர்வுத்தாளில் அலவனுக்கு நண்டு என்று பொருள் எழுதுகின்றோம். மணமேல்குடிக் கரையில் எத்தனை வகை நண்டு ஏறுகின்றது என்று கேட்டால் விழிக்கின்றோம்.

இறைமறையிலும் இதற்கு ஒரு சான்றுண்டு. அதன் 16ஆம் அத்தியாயத்தின் பெயர் தேனீ. 27ஆம் அத்தியாயத்தின் பெயர் எறும்பு. 29ஆம் அத்தியாயத்தின் பெயர் சிலந்தி. நபி சுலைமான் (அலை) அவர்களின் பெரும்படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு, அப்படையினர் அறியாமலே தம்மை மிதித்துவிடக்கூடும் என்று தன் கூட்டத்தாரை எச்சரித்த செய்தியை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். அவ்வரலாற்றில் நம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது ‘அறியாமல்’ என்னும் குறிப்பு. படைக்குப் பகையில்லை, கொடுமையில்லை, காலடியில் யார் இருக்கின்றார் என்னும் கணக்கு மட்டும் இல்லை. பூமி நம்மிடம் அமானிதம் என்று மேடைகளில் முழங்குகின்றோம். அமானிதப் பொருளை வாங்கியவன் முதலில் அதனை எண்ணிப் பெற்றுக்கொள்வதன்றோ முறை?

மொழியறிஞர்க்கு உரிய வேலை ஒன்றும் இதில் காத்திருக்கின்றது. அதுதான் பெயர். வெள்ளை அட்டை, நூல் அட்டை, குச்சி அட்டை, ராஜ அட்டை என மீனவர் வழங்கும் பெயர்கள் வெறும் அடையாளம் அல்ல. தொட்டால் வெண்ணிறப் பசைநூல்களை வெளியே வீசுவதால் அது நூல் அட்டை. அப்பெயருக்குள்ளே ஒரு கண்டறிவு பொதிந்துள்ளது. கடற்புல்லைத் தாழை என்பதும் அவ்வாறே. நிலத்துத் தாழையின் நீண்ட இதழைக் கண்ட கண் நீரடி இதழையும் கண்டு உறவு சொல்லியிருக்கின்றது. தமிழ்நாட்டின் பட்டாம்பூச்சியாகத் தமிழ் மறவன் 2019இல் அறிவிக்கப்பட்ட பின், வெந்தய வரியன், எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்று தமிழ்ப் பெயர் சொல்லிப் பூச்சி பார்க்கும் இளைஞர் கூட்டம் பெருகியிருப்பதைக் காண்கின்றோம். பெயர் தெரிந்தால் எண்ணத் தோன்றும். எண்ணியதைக் குறிக்கத் தோன்றும். பறக்கும் அழகிக்குக் கிடைத்த பேறு மணலில் புரளும் அட்டைக்குக் கிடைக்கவில்லை. அழகில்லாதவற்றின்பால் நமக்கு எப்போதும் சிறிது ஓரவஞ்சனை உண்டு.

2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டம் ஊர்தோறும் ஒரு மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றும் வேண்டும் என்கின்றது. 2020 சனவரி 31க்குள் அவற்றை முடிக்க வேண்டும், தவறினால் தண்டம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் கெடு விதித்தது. கெடுவுக்கு அஞ்சி நிரப்பப்படும் ஏட்டில் மாடும் மரமும் நெல்லும் இடம்பெறும்; நண்டும் நத்தையும் சிதலும் நழுவிவிடும். கரையூர் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊராட்சியில் அப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அது பொது ஆவணம். முதுகெலும்பற்றவை எத்தனை வரி பெற்றுள்ளன என்று பார்த்து, விடுபட்டவற்றை ஊர்ப் பெயரோடு எழுதிச் சேர்க்கச் சொல்லலாம். மொழி பயில்வோர்க்கு இதனினும் நல்ல களப்பணி நாம் அறியோம்.

எண்ணும் முறை கடினமன்று. இங்கிலாந்தில் 1976 முதல் பொதுமக்கள் குறித்த ஒரே பாதையில் வாரந்தோறும் நடந்து பட்டாம்பூச்சிகளை எண்ணி வருகின்றனர். செருமனியின் கிரேஃபெல்டு நகரத்தில், பெரும்பாலும் ஓய்வுநேர ஆர்வலரே நிறைந்த பூச்சியியற் கழகத்தார், 63 இடங்களில் 27 ஆண்டுகளாக வலைக்கூடாரம் வைத்துப் பூச்சிகளை நிறுத்து வந்தனர். பறக்கும் பூச்சிகளின் எடை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017இல் அவ்வெண்கள் காட்டியபோது உலகமே திடுக்கிட்டது. அவர்கள் செய்ததெல்லாம் விடாமல் எழுதி வைத்ததுதான். பேராய்வுக்கூடம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

நம் கரையில் மூன்று இடங்கள் போதும். நீர் வடியும் நேரத்தில் கயிறு கட்டி அளந்த ஒரே நீளத்தில், ஆண்டுக்கு இருமுறை நடந்து, காலடியில் கண்டவற்றை எண்ணிக் குறிக்கலாம். சங்கு, சிப்பி, நண்டு வளை, புல்லின் அடர்த்தி, அட்டை என அனைத்தும் ஒரே ஏட்டில் வரட்டும். மீன் ஏலம் விடும் இடத்தில் வலையில் சிக்கி ஒதுக்கப்படும் சிற்றுயிர்களை மாதம் ஒரு நாள் எண்ணலாம். இதில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கடலட்டையைத் தொடுவதோ எடுப்பதோ கூடாது. கண்ணால் எண்ணுவது மட்டுமே. வனத்துறையினரிடம் எழுத்தால் இசைவு பெற்று, மீன்வளத் துறையினரையும் விலங்கியல் துறை நண்பர்களையும் உடன் அழைத்துச் செல்வதே முறை. எம் மாணவர் எவரும் ஆர்வத்தால் சட்டத்தின்முன் நிற்க நேரிடலாகாது.

கரையூர்ப் பெரியோர்க்கு ஓர் ஐயம் இருக்கும். இன்று எண்ண வருவோர் நாளை இன்னொரு தடையோடு வருவார் என்பது அவர்தம் பட்டறிவு. அந்த ஐயத்தை நாம் குறை கூறோம். விசைப்படகுக்கு நாள் வரையறை, வலைக்குக் கண்ணளவு வரையறை, எல்லை தாண்டினால் சிறை என்று ஏற்கெனவே பல சுமைகளுக்கிடையே தொழில் செய்வோர் அவர்கள். எனவே கணக்கு அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்கின்றோம். ஏடு ஊரில் இருக்கட்டும். படி ஒன்று கல்லூரியில் இருக்கட்டும். ஜமாஅத் பெரியவர்களும் மீனவர் ஊர்த்தலைவர்களும் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிடட்டும். அட்டை பெருகியிருந்தால், அளவோடு எடுக்க இசைவு கேட்டு அரசின்முன் வைப்பதற்கு அவர்களிடம் உள்ள ஒரே சான்று அந்த ஏடுதான். குறைந்திருந்தால், அடிமட்டத்தை அரிக்கும் மடியை நிறுத்தச் சொல்லும் சிறுபடகுக்காரர்க்கும் அதுவே சான்று. எண் இருபுறமும் பேசும். அஞ்ச வேண்டியவர் எண் இல்லாமல் பேசுவோரே.

நூல் அட்டைக்குக் கட்டுமாவடியில் என்ன பெயர், மீமிசலில் என்ன பெயர் என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையேறி நிற்கும் காலமும் நம் கல்லூரியின் கோடை விடுமுறையும் பெரும்பாலும் ஒத்து வருகின்றன. அந்நாள்களில் பெரியவர்கள் படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். பேச நேரமும் இருக்கும். மாணவர் செல்லும்போது ஒரு கோடிட்ட ஏடும், பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதும் பொறுமையும் கொண்டு செல்லவேண்டும்.